கிரிமினாலஜி படித்தால் வேலை கிடைக்குமா? அம்பத்தூர் மாணவிக்கு என் பதில்

அம்பத்தூரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப் படித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறார். கிரிமினாலஜி, அதாவது குற்றவியல் படிக்க ஆசை. தடயவியல் நிபுணர் ஆகலாம், சி.பி.ஐ. அதிகாரி ஆகலாம், ஐ.பி.எஸ். ஆகலாம் என்று ஒரு கல்லூரி விளம்பரத்தில் பார்த்திருக்கிறார். அப்பாவோ, "பி.காம். போதும், இதுல என்ன வேலை இருக்கு?" என்கிறார். "அப்பா சொல்வது சரியா?" என்பதுதான் அவர் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். இந்தப் பட்டத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் திறக்கிற வேலை ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் எதற்காக இதைப் படிக்க வேண்டும்?

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். கிரிமினாலஜி பட்டம் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும் என்கிற வேலை தமிழ்நாட்டில் மிக மிகக் குறைவு. அதே பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிற வேலையைத் தவிர்த்துப் பார்த்தால், விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த அளவுக்கு உங்கள் அப்பா சொல்வது சரி. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்த நீளமான பதில். நான் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையில், சேப்பாக்கம் வளாகத்தில் எம்.ஏ. படித்தேன். பிறகு பல வருடங்கள் நன்னடத்தை அலுவலராக (புரொபேஷன் ஆபீசர்) இருந்தேன். இப்போது குற்றவியல், சமூகப்பணி மாணவர்களின் களப்பணியை மேற்பார்வை செய்கிறேன். சிறை, சிறார், நன்னடத்தை பற்றிச் சொல்வதெல்லாம் சொந்த அனுபவம். காவல் நிலையம், ஆய்வகம் பற்றிச் சொல்வதை, அவர்களோடு சேர்ந்து வேலை பார்த்த வெளியாள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தடயவியல். பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். குற்றவியல், தடய அறிவியல், குற்றச் சட்டம் மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத் தெரியும். உள்ளே போனால் மூன்றும் வேறு வேறு படிப்பு. ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான், சமூகமும் அரசும் அதை எப்படி எதிர்கொள்கின்றன, பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது குற்றவியல். அதில் சமூகவியலும் உளவியலும் பாதிக்கு மேல். தடய அறிவியல் என்பது ஆய்வகத்தில் செய்கிற வேதியியல், உயிரியல், இயற்பியல். 1952-ல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருக்கலாம். ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல், ராயபுரம் கடற்கரையில் தலை. இறந்தவர் இன்னார்தான் என்று உறுதிப்படுத்த உதவியவை சென்னை மருத்துவக் கல்லூரியில் நடந்த உடற்கூறு ஆய்வும், ராணுவப் பதிவேட்டில் இருந்த கைரேகையும். அந்த வேலைக்கு அன்றைக்கு அறிவியல் தேவைப்பட்டது. இன்றைக்கும் அப்படித்தான். மதராஸில் 1849-ல் தொடங்கிய வேதியியல் ஆய்வகம்தான் இந்த வகையில் இந்தியாவிலேயே முதலாவது. மயிலாப்பூரில் இருக்கிற தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அதுதான். அங்கே இளநிலை அறிவியல் அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கும்போது கேட்பது அறிவியலில் முதுகலைப் பட்டம். கைரேகைப் பிரிவு எஸ்.ஐ. தேர்வுக்கும் அறிவியல் பட்டம் வேண்டும். காமர்ஸ் குரூப் முடித்துவிட்டு பி.ஏ. கிரிமினாலஜி வழியாக அந்த ஆய்வகத்துக்குள் போக முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விளம்பரத்தில் எந்தப் படம் போட்டிருந்தாலும் சரி.

ஆய்வகப் பக்கம் வேலை பெருகும் என்பதும் உண்மைதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்ற விசாரணை நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை முழுமையாகக் கொண்டுவர 5 ஆண்டு அவகாசம் உண்டு. ஆட்கள் தேவைப்படுவார்கள். எத்தனை பேரை, எப்போது நிரந்தரமாக எடுப்பார்கள் என்பதை இன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆய்வக வேலையில் உங்களுக்குத் திறந்திருக்கும் ஒரே பாதை கணினி. சேப்பாக்கத்திலேயே சைபர் தடயவியலில் எம்.எஸ்ஸி. இருக்கிறது. அதற்குக் கணினி சார்ந்த இளநிலைப் பட்டம் வேண்டும். காமர்ஸில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் படித்திருந்தால் பி.சி.ஏ.வுக்கு முயலலாம். ஆனால் கணினியில் நிஜமான ஆர்வம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

அடுத்து காக்கிச் சட்டை. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிற எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். 20 வயது ஆகியிருக்க வேண்டும். பெண்களுக்கு 159 செ.மீ. உயரம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 157. ஓட்டம், எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் இருக்கிறது. கிரிமினாலஜி படித்தவருக்கும் தாவரவியல் படித்தவருக்கும் ஒரே வினாத்தாள்தான். குரூப் 1 எழுதி டி.எஸ்.பி. ஆவதும் அப்படியே. சி.பி.ஐ.யில் எஸ்.ஐ. ஆக மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வு எழுத வேண்டும், அதற்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். உளவுத்துறையில் உதவி மைய உளவு அதிகாரி பதவிக்கும் அதே கதை. ஐ.பி.எஸ்.ஸுக்கான யு.பி.எஸ்.சி. தேர்வில் விருப்பப் பாடங்களின் பட்டியலில் குற்றவியல் கிடையாது. சமூகவியல், உளவியல், சட்டம் உண்டு. ஆக, விளம்பரத்தில் சொல்லியிருப்பது பொய் கிடையாது. எந்தப் பட்டதாரிக்கும் பொருந்துகிற உண்மையைத் தங்கள் படிப்பின் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு லட்சம், அதற்கு மேலும் கட்டணம் கேட்கிற இடத்தில் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். போலீஸ் வேலைதான் லட்சியம் என்றால், கட்டணம் குறைவான ஒரு அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பிடித்த பாடத்தைப் படித்துக்கொண்டே காலையில் ஓடப் பழகுங்கள். எஸ்.ஐ.க்கு ஆரம்பச் சம்பள நிலை 36,900 ரூபாய். நல்ல வேலை. ஆனால் அதற்கு இந்தப் பட்டம் தேவையில்லை.

அப்படியானால் இந்தப் படிப்பு எங்கே உதவுகிறது? விளம்பரத்தில் வராத இடத்தில், அதாவது தண்டனைக்கும் சீர்திருத்தத்துக்கும் நடுவே. இதில் நம் ஊருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. குற்றம் செய்த சிறுவர்களைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து நடத்த வேண்டும் என்று இந்தியாவில் முதன்முதலில் தனிச் சட்டம் போட்டது மதராஸ் மாகாணம், 1920-ல். இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் 1926-ல் வந்தது. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடுவதற்கான மதராஸ் சட்டம் 1936-ல் வந்தது. நாடு முழுவதற்குமான நன்னடத்தைச் சட்டம் வந்தது 1958-ல்தான். அந்தச் சட்டத்தின் 6-வது பிரிவு முக்கியமானது. 21 வயதுக்கு உட்பட்டவர், ஆயுள் தண்டனை அளவுக்குப் போகாத ஒரு குற்றத்தைச் செய்திருந்தால், சிறையில் அடைப்பதற்கு முன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பையன் புழல் சிறைக்குப் போவானா வீட்டுக்குப் போவானா என்பதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த அறிக்கை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் படிப்பின் மதிப்பு எனக்குப் புரிந்தது இங்கேதான். செல்போன் பறிப்பில் முதல்முறை சிக்கிய 19 வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். அவன் வீட்டுக்குப் போகிறீர்கள். அம்மா ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, "அவன் ரொம்ப நல்ல பையன் சார், சேர்க்கைதான் சரியில்ல" என்பார். புதிதாக வருகிறவர் அதை அப்படியே எழுதிக்கொள்வார்: தந்தை குடிப்பழக்கம் உள்ளவர், குடும்பச் சூழல் சரியில்லை, கூடா நட்பு. இப்படி எழுதினால் நீதிபதிக்கு ஒன்றும் புரியாது, ஏனென்றால் வருகிற அறிக்கைகளில் பாதி இப்படித்தான் இருக்கும். பயிற்சி பெற்றவர் வேறு விஷயங்களைத் தேடுவார். பையன் கடைசியாக எங்கே வேலை பார்த்தான், அந்த மெக்கானிக் கடைக்காரர் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வாரா? கூட்டாளிகள் அதே தெருவில் இருக்கிறார்களா, வேறு ஏரியாவா? அவன் யார் பேச்சுக்குக் கட்டுப்படுவான், அப்பாவா, தாய்மாமனா, கால்பந்து சொல்லிக்கொடுத்த அண்ணனா? அந்த மாமன் ஜாமீனுக்குக் கையெழுத்துப் போடுவாரா? பக்கத்து வீட்டு அம்மா பேசுகிறாரா, கதவைச் சாத்திக்கொள்கிறாரா? சாத்தினால் அதுவும் ஒரு தகவல்தான். குற்றம் என்பது நெருங்கிப் பழகுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுகிறது என்று அமெரிக்கக் குற்றவியலாளர் எட்வின் சதர்லாந்து சொன்னதை வகுப்பில் ஐந்து மார்க் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது, எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அதுதான். வேறு பாடம் படித்துவிட்டு வந்த நல்ல அலுவலர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இதை வேலையில் அடிபட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த இடைவெளியில் சில பையன்களின் வாழ்க்கை போய்விடுகிறது என்பதுதான் என் கவலை.

இந்த வேலைக்கு எப்படிப் போவது? சிறைத்துறையிலும், முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருந்த குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறையிலும் நன்னடத்தை அலுவலர் பதவி டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வு வழியாக வருகிறது. இங்கேயும் தேர்வில் ஜெயித்தால்தான் உள்ளே போக முடியும், பட்டம் மட்டும் போதாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் பாதுகாப்பு அலுவலர், சமூகப் பணியாளர், ஆலோசகர் என்று ஒப்பந்தப் பணிகள் உண்டு. பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804 ரூபாய் என்று அறிவிப்புகளில் பார்க்கலாம். அந்த அறிவிப்புகளில் கல்வித் தகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள். சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம் என்று போட்டிருக்கும். குற்றவியலும் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இளைஞர் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூக சேவகர்கள் உட்காருவார்கள். அதற்கான தகுதியாக 2015-ம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லும் படிப்புகள் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம். சிறார் குற்றத்தையே பாடமாகப் படிக்கிற துறையின் பெயர் அதில் இல்லை. குழந்தைகளுக்காக 7 வருடம் களத்தில் வேலை பார்த்திருந்தால் அந்த வழியாக வரலாம். எனக்கு இது நீண்டநாள் ஆதங்கம், மாற வேண்டும் என்று வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் பேசுகிறேன். ஆனால் மாறும்வரை அதுதான் விதி. ஒப்பந்தப் பணியில் சம்பளம் பெரிதாக உயராது, நிரந்தரமும் கிடையாது. வாடகை வீட்டில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது கஷ்டம். இதை மறைத்துவிட்டு சேவை, மனநிறைவு என்று உங்களிடம் பேசுவது நியாயமாகாது.

சிறைப் பணியை ஒரு வரியில் கடந்துவிட மனமில்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வீட்டோடு தொடர்பு ஏற்படுத்துவது, சட்ட உதவிக்கு மனுப் போட வைப்பது, வெளியே வந்ததும் முதல் மாதத்தைத் தாண்ட வைப்பது எல்லாமே தொழில்முறையான வேலை. தென்மாநிலச் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்காக வேலூரில் 1979-லிருந்து ஒரு நிறுவனம் நடக்கிறது. ஜெயிலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தனியாகத் தேர்வு வைக்கிறது, ஏதாவது ஒரு பட்டம் போதும், உடல்தகுதியும் பார்ப்பார்கள். குற்றவியல் மாணவர்கள் இந்தத் தேர்வை ஏன் இவ்வளவு குறைவாக எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எல்லோர் கண்ணும் எஸ்.ஐ. தொப்பி மேலேயே இருக்கிறது.

பாதிக்கப்பட்டவர்கள் பக்கமும் வேலை இருக்கிறது. பெண்களுக்கான 181 உதவி எண்ணோடு இணைந்த ஒருங்கிணைந்த சேவை மையங்கள், போக்சோ வழக்குகளில் குழந்தையோடு நீதிமன்றம் வரை கூட வரும் துணை நபர்கள், சென்னையில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் பி.சி.வி.சி. போன்ற தொண்டு நிறுவனங்கள் எல்லாம் இதில் வரும். இங்கே சமூகப்பணி படித்தவர்களுக்கு முன்னுரிமை அதிகம். ஆனால் எஃப்.ஐ.ஆர். என்றால் என்ன, நீதித்துறை நடுவர் முன் தருகிற வாக்குமூலத்தை 164 வாக்குமூலம் என்று பழைய சட்டத்தில் சொன்னது புதிய சட்டத்தில் எங்கே போயிருக்கிறது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வரும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு நல்ல சீட்டு இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை. உங்களுக்குக் கணக்குப் பதிவியல் தெரியும். இன்றைக்குச் சென்னையில் தனியார் துறையில் குற்றவியலுக்கு உண்மையாகவே சம்பளம் தருகிற வேலை பெரும்பாலும் பணமோசடி பக்கம் இருக்கிறது. ஓ.எம்.ஆரிலும் கிண்டியிலும் உங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் வங்கிகளுக்கான பின்னணி வேலை செய்யும் நிறுவனங்களில் மோசடி கண்காணிப்பு, வாடிக்கையாளர் சரிபார்ப்பு, பணச்சலவைத் தடுப்பு (குற்றத்தில் வந்த பணத்தை நல்ல பணமாகக் காட்டுவதைத் தடுப்பது) என்று பிரிவுகள் இருக்கின்றன. வேலை என்னவென்று ஒரு உதாரணம் சொல்கிறேன். கல்லூரி மாணவர் ஒருவர் பெயரில் மூன்று மாதத்துக்கு முன் திறந்த கணக்கு. அதுவரை அப்பா அனுப்பும் இரண்டாயிரம், மூவாயிரம்தான் வந்திருக்கிறது. திடீரென்று ஒரு நாள் மதியம் வெவ்வேறு மாநிலங்களிலிருந்து முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேர் பணம் போடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அத்தனையும் வேறு இரண்டு கணக்குகளுக்குப் போய்விடுகிறது, மிச்சம் ஒரு ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுகிறது. கணினி சிவப்புக் கொடி காட்டும். அதைத் திறந்து பார்த்து, இது வாடகைக்கு விடப்பட்ட கணக்கா, அந்த மாணவர் கூட்டாளியா, ஏமாற்றப்பட்டவரா, கணக்கை முடக்க வேண்டுமா என்று குறிப்பு எழுத ஒரு மனிதர் வேண்டும். 2002-ம் ஆண்டுப் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின்படி, சந்தேகப் பரிவர்த்தனைகளை வங்கிகள் டெல்லியில் உள்ள நிதி உளவுப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த அறிக்கைக்கு அடிப்படை இந்த மேசையில் எழுதப்படும் குறிப்புதான். இணைய மோசடியில் பணத்தைத் தொலைத்தவர் 1930 உதவி எண்ணுக்குப் போன் செய்து அழுகிறாரே, அவருடைய பணம் நிற்பதும் போவதும் இப்படிப்பட்ட மேசைகளில் எவ்வளவு வேகமாக முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அந்த வேலைக்கு பி.காம். படித்தவர்களை எடுக்கிறார்கள். பி.காம். முடித்து, மேலே குற்றவியலும் படித்தவர் தனித்துத் தெரிவார், ஏனென்றால் அவருக்கு லெட்ஜரும் புரியும், மோசடி செய்கிறவன் எப்படி யோசிப்பான் என்பதும் புரியும். என்னிடம் களப்பணி செய்தவர்களில் நிலையான சம்பளத்தில் இருப்பவர்கள் பலர் இந்தப் பக்கம் போனவர்கள்தான். பத்து வருடம் கழித்து இந்த வேலை எப்படி இருக்கும் என்பதில் எனக்குத் தெளிவில்லை. முதல்கட்டச் சலிப்பை மென்பொருளே செய்ய ஆரம்பித்துவிட்டது. விசாரித்து எழுதுகிறவருக்கு வேலை இருக்கும், வெறுமனே டிக் அடிக்கிறவருக்குக் குறையும் என்பது என் கணிப்பு. கணிப்பாகவே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இன்னொரு நல்ல துணை. ஏதாவது ஒரு பட்டம் முடித்து மூன்று வருட சட்டப்படிப்பு படிக்கலாம். குற்றவியலும் சட்டமும் சேர்ந்தால் அதைவிடப் பலமான ஜோடி இந்தத் துறையில் இல்லை என்பது என் அபிப்பிராயம். 2022-லிருந்து சட்ட உதவி ஆணைக்குழுக்கள் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக வாதாட முழுநேர வழக்கறிஞர்களை நியமிக்கின்றன, உதவி வழக்கறிஞர் இடத்துக்குப் புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். அரசு உதவி வழக்கு நடத்துநர் பதவிக்குக் குற்றவியல் நீதிமன்றத்தில் 5 வருடப் பயிற்சி கேட்பார்கள். பொறுமை வேண்டும், ஆரம்ப வருடங்களில் கையில் காசு தங்காது. கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டுமானால் யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடம், குறியீடு 68. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் மாதிரி பழைய துறைகள் கொஞ்சம்தான், காலியிடம் அபூர்வம். வெளிநாட்டு எம்.ஏ. பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போலீஸ், சிறை போன்ற பணிகளுக்குப் பல நாடுகளில் குடியுரிமையோ நீண்டகாலக் குடியிருப்போ கேட்பார்கள். கடன் வாங்கிப் போகிறவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இதுதான். அப்பா சொல்கிற பி.காம்.மை ஒரு நல்ல கல்லூரியில் படியுங்கள். எம்.ஏ. குற்றவியலை சேப்பாக்கத்தில் படியுங்கள், அதற்கு எந்த இளநிலைப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். உங்களுக்குப் பணமோசடிப் பக்கம் பிடிக்கவில்லை, பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்யத்தான் மனம் போகிறது என்றால், பி.காம். வேண்டாம், உளவியலோ சமூகப்பணியோ எடுங்கள். மேலே சொன்ன அறிவிப்புகளில் அந்தப் பெயர்கள்தான் இருக்கின்றன. இல்லை, இளநிலையிலேயே கிரிமினாலஜிதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், அதுவும் தப்பில்லை, 'ஏதாவது ஒரு பட்டம்' கேட்கிற எல்லாத் தேர்வுகளும் உங்களுக்குத் திறந்தே இருக்கும். ஆனால் பட்டத்தின் பெயரில் கவனம் தேவை. பி.ஏ., பி.எஸ்ஸி. என்று முன்னே போட்டு, பின்னால் மூன்று நான்கு பாடங்களை ஒட்டவைத்த நீளமான பெயர்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. குறிப்பிட்ட பாடம் கேட்கிற பதவிக்கு விண்ணப்பிக்கும்போது, இது அதற்குச் சமமானது என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். அதற்காக அலைந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சில விஷயங்களைக் கேளுங்கள். பாடம் நடத்துகிறவர்களில் குற்றவியலிலேயே முதுகலை படித்தவர்கள் எத்தனை பேர்? களப்பணிக்கு எந்தெந்த இடங்களுக்கு அனுப்புகிறார்கள், அனுமதிக் கடிதம் காட்ட முடியுமா? ஒருநாள் புழல் சிறையைச் சுற்றிக்காட்டிவிட்டு குரூப் போட்டோ எடுப்பது களப்பணி ஆகாது. வாரம் இரண்டு நாள் வீதம் ஒரு பருவம் முழுக்க ஒரே இடத்தில் வேலை செய்ய விட வேண்டும். 2024-ல் நடைமுறைக்கு வந்த மூன்று புதிய குற்றச் சட்டங்களையும் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டார்களா, இன்னும் கொலை என்றால் பழைய ஐ.பி.சி. 302 என்றே நடத்துகிறார்களா? முந்தைய வருடம் முடித்தவர்கள் மூன்று பேரின் நம்பர் கேளுங்கள். தயங்காமல் தருகிற கல்லூரி நல்ல கல்லூரி.

அரசுக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம் வழக்கமாக ப்ளஸ் டூ முடிவுகளை ஒட்டித் திறக்கும், அதைத் தவறவிடாதீர்கள். இன்னொன்று. கல்லூரி திறப்பதற்குள் ஒரு வேலைநாள் காலை பத்து மணிக்கு எழும்பூர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வழக்கு விசாரணை பொதுமக்கள் பார்க்கத்தான் நடக்கிறது, சில வகை வழக்குகளை மட்டும் மூடிய அறையில் நடத்துவார்கள். போனை அணைத்துவிட்டு, மதியம் வரை இருங்கள். ரிமாண்ட் நீட்டிப்பு, வாய்தா, சாட்சி வரவில்லை, மறுபடியும் வாய்தா என்று போகும். அலுப்பாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், இந்தத் துறையில் பாதி நாள் அப்படித்தான். ஆனால் வெளியே வந்த பிறகும், அந்த மூலையில் நின்றிருந்த பையனின் வழக்கு என்ன ஆயிற்று என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தால் அதை அப்பாவிடம் சொல்லுங்கள். அப்புறம் இருவருமாக உட்கார்ந்து, பி.காம்.மா உளவியலா என்று முடிவு செய்யுங்கள்.